கூரையில்லாத கப்ரில் உறங்கும் நீதி: சுல்தான் இல்துமிஷின் வாழ்க்கை

டெல்லிக்குப் போகும் நம் சகோதரர்களில் குதுப் மினாரைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. எழுபத்திரண்டரை மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் இடிந்து நிற்கும் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிவாசலின் வடமேற்கே இன்னும் சில அடிகள் நடந்தால் கூரையில்லாத ஒரு சதுரக் கட்டடம் இருக்கிறது. உள்ளே வெயிலும் மழையும் நேராக விழும் வெள்ளைப் பளிங்குக் கப்ரு. சுற்றுச் சுவர் முழுவதும் குர்ஆன் வசனங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அடக்கமாகியிருப்பவர் சுல்தான் ஷம்சுத்தீன் இல்துமிஷ். சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட ஓர் அடிமையாகத் தொடங்கியது அவர் வாழ்க்கை.

சகோதரர்கள் விற்ற சிறுவன்

இல்துமிஷ் மத்திய ஆசியாவின் இல்பரி என்னும் துருக்கியக் குலத்தில் பிறந்தவர். அழகும் அறிவும் நிறைந்த அந்தப் பிள்ளைமேல் தந்தை அதிகப் பிரியம் காட்டினார். பொறாமைகொண்ட சகோதரர்கள் அவரை வெளியே அழைத்துப்போய் ஒரு வணிகரிடம் விற்றுவிட்டார்கள். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வருவதுபோலவே, அவர் கதையை எழுதிய வரலாற்றாசிரியர் மின்ஹாஜுக்கும் அது நினைவுக்கு வந்தது.

புகாராவில் ஒரு வீட்டில் வளர்ந்தபோது திராட்சை வாங்கிவரச் சொல்லிக் கொடுத்த காசை அந்தச் சிறுவர் வழியில் தொலைத்துவிட்டார். அழுதுகொண்டு நின்றவரைக் கண்ட ஒரு ஃபக்கீர், தம் காசில் திராட்சை வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு, நாளை உனக்குச் செல்வாக்கு வந்தால் ஏழைகளையும் இறைநேசர்களையும் மதிக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாராம்.

பின்னர் கஜ்னிக்குக் கொண்டுவரப்பட்டார். சுல்தான் முஹம்மது கோரி பேசிய விலைக்கு வணிகர் இணங்கவில்லை. கோபமடைந்த சுல்தான், அவரை அந்த நகரில் யாரும் வாங்கக் கூடாது என்று தடை போட்டார். கடைசியில் டெல்லியில் வைத்து குத்புத்தீன் ஐபக் அவரை வாங்கினார். குவ்வத்துல் இஸ்லாம் பள்ளியைக் கட்டத் தொடங்கியவர் இந்த ஐபக்தான்.

விடுதலைக் கடிதம்

கோக்கர்களுடன் நடந்த போரில் இல்துமிஷ் குதிரையோடு ஜீலம் ஆற்றுக்குள் பாய்ந்து போரிட்டார். அதைக் கண்ட முஹம்மது கோரி அவரை உரிமைவிடும்படி ஐபக்குக்கு உத்தரவிட்டார். 1210ல் லாகூரில் சவுகான் ஆடும்போது குதிரையிலிருந்து விழுந்து ஐபக் இறந்தார். அடுத்த ஆண்டில் டெல்லியின் அரியணை இல்துமிஷின் கைக்கு வந்தது. அப்போது மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூட்டமாக வந்து அவர் எதிரில் அமர்ந்தார்கள். அடிமை ஒருவர் ஆட்சி செய்ய முடியாது என்பதே அவர்கள் கேட்க வந்த விஷயம். அதைப் புரிந்துகொண்ட சுல்தான் கோபப்படவில்லை; விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தம் விடுதலைக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். காழி அதைப் படித்துப் பார்த்த பிறகே எல்லோரும் பைஅத் செய்தார்கள்.

25 ஆண்டுகள் ஆண்டார். 1221ல் செங்கிஸ்கான் சிந்து நதிக்கரைவரை வந்தபோது, அவனிடமிருந்து தப்பிவந்த இளவரசருக்கு அடைக்கலம் தராமல் பக்குவமாக மறுத்து, டெல்லியை அழிவிலிருந்து காத்தார். வெள்ளித் தங்கா நாணயத்தை நிலைப்படுத்தினார். 1229ல் பாக்தாத் கலீஃபாவின் அங்கீகாரம் வந்தது. மினாரை மேலே உயர்த்தினார், பள்ளியை விரிவாக்கினார், மக்கள் தண்ணீருக்காக ஹவ்ஸே ஷம்ஸி குளத்தை வெட்டினார். ஹழ்ரத் குத்புத்தீன் பக்தியார் காகி (ரஹ்) அவர்கள்மேல் அவருக்கு இருந்த மரியாதை பெரிது. ஃபக்கீரிடம் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை.

தூண்கள் சொல்லும் செய்தி

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர் கோயிலின் கல்தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, குவ்வத்துல் இஸ்லாம் பள்ளியின் தூண்கள் எங்கிருந்து வந்தவை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மணியும் சங்கிலியும் செதுக்கிய கோயில் தூண்கள் அவை. 27 கோயில்களின் கற்கள் இதில் பயன்பட்டன என்று கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. இல்துமிஷின் படையும் உஜ்ஜயினியில் மஹாகாள் கோயிலை இடித்தது. இவற்றை நம் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம், பெருமையாகப் பேசவும் வேண்டாம். பறித்த இடத்தில் பள்ளி கட்ட மார்க்கம் அனுமதிப்பதில்லை. அரசர்கள் செய்தவை எல்லாம் இஸ்லாம் ஆகிவிடாது. அவர்களின் நல்லதையும் தவறையும் அதே மார்க்கத்தின் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

வண்ண உடை

அந்தத் தராசில் நிற்கும் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் டெல்லிக்கு வந்து, பிறகு நம் மதுரைவரை பயணித்த இப்னு பதூதா எழுதிவைத்த செய்தி இது. அக்காலத்தில் மக்கள் வெள்ளை உடையே உடுத்தினார்கள். அநீதிக்கு ஆளானவர் வண்ண உடை அணிந்து வர வேண்டும் என்று இல்துமிஷ் அறிவித்தார். கூட்டத்தில் அந்த நிறம் கண்ணில் பட்டதும் அழைத்து விசாரிப்பார். இரவில் வருகிறவர்களுக்காக அரண்மனை வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்களை நிறுத்தி, அவற்றின் கழுத்துச் சங்கிலியில் பெரிய மணியைக் கட்டினார்.

ஆண் மக்கள் இருந்தும், ஆட்சிக்குத் தகுதி மகள் ரஸியாவுக்கே உண்டு என்று அவர் கண்டார். 1236ல் அவர் இறந்ததும் பிரபுக்கள் அந்த விருப்பத்தை மீறி மகன் ருக்னுத்தீனை அமர்த்தினார்கள். சகோதரன் ஒருவன் கொல்லப்பட்டான். ரஸியாவின் உயிருக்கும் ஆபத்து வந்தது. ஒரு ஜும்ஆ நாளில், பெரிய பள்ளியை அடுத்திருந்த பழைய அரண்மனை மாடியில் ரஸியா வந்து நின்றார். உடுத்தியிருந்தது, தந்தை வகுத்த அநீதிக்கு ஆளானவரின் உடை. கூடியிருந்த மக்களுக்கு அதன் பொருள் விளங்கியது. டெல்லி மக்களே ரஸியாவை அரியணையில் ஏற்றினார்கள்.

யாரோ ஓர் ஏழைக்காகத் தந்தை திறந்துவைத்த வாசல், அவர் மண்ணுக்குள் போன பின் சொந்த மகளுக்குப் பயன்பட்டது. அந்தப் பள்ளி இன்று தொழுகை இல்லாமல், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அரண்மனை வாசலில் மணி இல்லை. கப்ருக்குக் கூரையும் இல்லை. அடுத்த முறை டெல்லி சென்றால், மெட்ரோவில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கிப் பிள்ளைகளையும் அந்தக் கப்ருவரை அழைத்துச் செல்லுங்கள். வண்ண உடையின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். நாம் விட்டுச் செல்பவற்றில் கல் உதிர்ந்துவிடும். அடுத்தவருக்குச் செய்த நீதியே நம் பிள்ளைகளுக்கு நிழலாகும்.

வல்ல அல்லாஹ் அவரின் பிழைகளைப் பொறுத்து, நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.