சொல் தேடிய வைத்தியர்

மாணவர்களே, கட்டுரை எழுதுகையில் உரிய சொல் வராமல் பேனாவைக் கீழே வைத்திருப்பீர்கள். சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884) எதிர்கொண்ட இடர்ப்பாடும் அதுவே. அமெரிக்கரான இவ்வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றோர் உத்தியோகம் தேடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளருக்கு வைத்தியர் இல்லை. எனவே 1860களில் போதனாமொழியைத் தமிழாக்கினார்.

ஆனால் மேலைத்தேய மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொற்கள் போதவில்லை. அவர் தேடிய ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் தமிழ், கிடைக்காவிடில் வடமொழி, அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைத்தார். அவரது 'இரணவைத்தியம்' இன்று உங்களுக்குச் சத்திரசிகிச்சை. 1875இல் வெளிவந்த நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. சிரிக்காதீர்கள், நீங்கள் படிக்கும் இரசாயனவியல்தான் அது! 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் அங்கிருந்தே தமிழ் மருத்துவ நூல்களை ஆக்கிவந்தார்.