ஒரே தேதியில் பிறந்த இருவர்: கவியரசும் மெல்லிசை மன்னரும்

அம்பாங்கான், ஜூன் 24 - ஜூன் 24 என்றால் பழைய தமிழ்ப் பாடல் பிரியர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள். கவியரசு கண்ணதாசன் 1927-ஆம் ஆண்டு இந்த நாளில் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928-இல், அதே தேதியில் பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

அம்பாங்கான், சிரம்பான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இவர்கள் தூரத்து மனிதர்கள் அல்லர். பால்மரம் வெட்டி வீடு திரும்பியவர்கள் லயத்து வாசலில் அமர்ந்து வானொலியில் கேட்டதும், திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் பார்த்ததும் பெரும்பாலும் இவர்களின் பாடல்களைத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவை மனப்பாடம்.

கண்ணதாசனின் இயற்பெயர் முத்தையா. காரைக்குடி அருகே சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன், விசாலாட்சி தம்பதிக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போனார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தார். பிறகு பத்திரிகைப் பக்கம் வந்தார்.

விஸ்வநாதன் பாலக்காடு அருகே எலப்புள்ளியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்து தாத்தாவின் பராமரிப்பில் வளர்ந்தார். திரையரங்கில் தின்பண்டம் விற்றார். நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்தபடியே இசையமைப்பாளர்களிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதே ஜூபிடரின் கன்னியின் காதலி (1949) படத்தில்தான் கண்ணதாசன் தம் முதல் பாடலை எழுதினார்.

1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் திடீரென மறைந்தார். அவர் விட்டுச் சென்ற படங்களை முடித்துக் கொடுத்த விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும், அதே ஆண்டு பணம் படத்தின் மூலம் இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகமாயினர். 1965-இல் பிரியும் வரை இந்த இரட்டையர் கண்ணதாசனுடன் சேர்ந்து தந்தவை ஏராளம். பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்றும் 1961 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. கர்ணன் 1964-இல் வந்தது.

ஆனால் கவிஞரின் சொந்த வாழ்க்கை அவ்வளவு இனிமையாக ஓடவில்லை. 1953-இல் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்றார். 1957 தேர்தலில் திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். 1961-இல் தி.மு.க.வை விட்டு ஈ.வெ.கி.சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சிக்குப் போனார். மூன்றே ஆண்டுகளில் அக்கட்சி காங்கிரசில் கலந்தது. தென்றல் உள்ளிட்ட பத்திரிகைகளை நடத்தினார். சொந்தமாகப் படம் எடுத்தார். மாலையிட்ட மங்கை ஓடியது. கவலை இல்லாத மனிதன் அவரைக் கடனில் தள்ளியது.

இந்த அலைச்சலுக்கு நடுவே, மெட்டு கேட்கும் அறைக்குள் நுழைந்துவிட்டால் அவர் வேறு மனிதர். விசு என்று அவர் அன்போடு அழைத்த விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். கவிஞர் வரிகளைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். அப்படி எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற பஞ்சு அருணாசலம். மெட்டு பிடிக்காவிட்டால் கவிஞர் சொல்லிவிடுவார்; வரி பிடிக்காவிட்டால் இசையமைப்பாளர் சொல்லிவிடுவார். சண்டையும் வரும், கூடவே பாட்டும் வரும்.

சிங்கப்பூரில் படமான அவன்தான் மனிதன் (1975) பற்றி ஒரு கதை சொல்வார்கள். மே மாதம் படப்பிடிப்பு, பாட்டு எங்கே என்று விஸ்வநாதன் ஓயாமல் நச்சரித்தாராம். கவிஞரோ ஒவ்வோர் அடியும் மே என்று முடியும்படி ஒரு பாட்டையே சொல்லி முடித்தாராம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே சிங்கப்பூருக்கு இன்னொரு படக்குழு போனது. கே.பாலசந்தரின் நினைத்தாலே இனிக்கும் (1979), மேடையில் கிட்டார் மீட்டிப் பாடும் இளைஞர் குழுவின் கதை. கமலும் ரஜினியும் நடித்தார்கள். உலகமே ராக், டிஸ்கோ என்று ஆடிய காலம் அது. அந்தத் துள்ளலுக்கு வரி தந்தவருக்கு வயது ஐம்பத்தொன்று, மெட்டமைத்தவருக்கு ஐம்பது. அந்த ஆட்டத்திலும் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. அதுதான் இருவரும் சேர்ந்து காத்த மரியாதை.

குழந்தைக்காக (1968) படப் பாடலுக்குக் கவிஞர் தேசிய விருது பெற்றார். அதற்கும் இசை விஸ்வநாதன்தான். 1978-இல் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞரானார். சேரமான் காதலி நாவலுக்காக 1980-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 1981 அக்டோபர் 17-ஆம் நாள், தமிழ்ச் சங்க அழைப்பில் அமெரிக்கா சென்றிருந்தவர் சிகாகோவில் காலமானார். வயது 54. விஸ்வநாதன் அதன்பின் 33 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தமது 87-ஆவது பிறந்தநாள் முடிந்த மூன்றே வாரத்தில், 2015 ஜூலை 14-இல், அவரும் விடைபெற்றார்.

கட்சி, தேர்தல், படக் கம்பெனி என்று கண்ணதாசன் தனக்கெனக் கட்டியவை பலவும் அவர் காலத்திலேயே கைவிட்டுப் போயின. இன்னொருவரின் மெட்டுக்கு விட்டுக்கொடுத்துச் சொன்ன வார்த்தைகளோ நிலைத்தன. ரப்பர் மரங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த இடங்களில்கூட, திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் இன்றும் ஒலிப்பவை அவைதாம்.