அடுப்படியில் இறைவனோடு வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ்

கடவுளிடம் நெருங்கி வாழ வேண்டும் என்றால் உலகத்தைவிட்டு ஒதுங்க வேண்டும், மணிக்கணக்கில் ஜெபிக்க வேண்டும், வேதநூலைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாடம், ஒப்படைப்பு, பகுதிநேர வேலை என்று ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் ஆலயத்தில் இருக்கும் ஒரு மணி நேரம் கடவுளுக்கு, மற்ற நேரமெல்லாம் நமக்கு என்று வாரத்தைப் பிரித்து வைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பிரிவினையை ஏற்காத ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர் குருவானவர் அல்லர், பேராசிரியரும் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் துறவு மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். சகோதரர் லாரன்ஸ் என்ற அவருடைய பெயரைக் கத்தோலிக்கர்களும் மற்றத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்களும் இன்றும் அன்போடு சொல்கிறார்கள்.

மொட்டை மரமும் போர்க்களமும்

அவருடைய இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். இன்றைய பிரான்சின் கிழக்கே உள்ள லொரேன் பகுதியில், ஹெரிமெனில் என்ற சிற்றூரில் 1614ஆம் ஆண்டுவாக்கில் பிறந்தார். எளிய குடும்பம், பெரிய படிப்பு எதுவும் இல்லை.

18 வயதில், ஒரு குளிர்கால நாளில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைப் பார்த்தார். ஆண்டு முழுவதும் பச்சையைப் பார்த்தே பழகிய நமக்கு அந்தக் காட்சி எளிதில் பிடிபடாது. குளிர்காலத்தில் அங்கே மரங்கள் செத்துவிட்டவை போலவே நிற்கும். இந்த மரம் கொஞ்ச நாளில் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. அப்படித் துளிர்க்க வைக்கும் இறைவனின் வல்லமையும் பராமரிப்பும் அன்று அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. அன்று பிறந்த இறையன்பு பிறகு அவரைவிட்டு அகலவே இல்லை.

ஆனால் அவர் உடனே துறவியாகிவிடவில்லை. ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் (1618-1648) நடந்த காலம் அது. நிக்கோலா படையில் சேர்ந்தார். எதிரிகள் அவரைப் பிடித்து, உளவாளி என்று சந்தேகப்பட்டுத் தூக்கிலிடப்போவதாக மிரட்டினார்கள். அதிலிருந்து தப்பினாலும் பின்னர் ஒரு மோதலில் காயமடைந்தார். கால் ஊனம் வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது.

அதன்பின் பாரிசில் ஒரு செல்வந்தர் வீட்டில் பணியாளாக இருந்தார். கை பட்டதையெல்லாம் உடைக்கும் முரட்டு ஆள் என்று தம்மைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1640ஆம் ஆண்டில், சுமார் 26 வயதில், பாரிசிலிருந்த கார்மெல் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பெயர்தான் லாரன்ஸ்.

பிடிக்காத வேலை

படித்தவர்கள் குருக்களானார்கள். லாரன்சைப் போன்றவர்கள் கைவேலை செய்யும் சகோதரர்களாக இருந்தார்கள். மடத்தார் அவரைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அவருக்கோ சமையலறை வேலை என்றாலே இயல்பாக வெறுப்பு. அப்படியிருந்தும் சுமார் 15 ஆண்டுகள் அங்கே உழைத்தார். பின்னர் காலணி தைக்கும் பகுதிக்கு மாற்றப்பட்டார்.

வேலை பிடித்துப்போனதால் அவர் அமைதியடையவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை அவர் மாற்றிக்கொண்டார். வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூட இறைவன்மீதுள்ள அன்புக்காகச் செய்தார். தரையில் கிடக்கும் துரும்பை எடுத்துப் போடுவதும் அவருக்கு வழிபாடுதான். வேலை தொடங்கும்போது இறைவனிடம் உதவி கேட்பார்; நடுவில் அவரோடு பேசிக்கொள்வார்; முடிந்ததும் நன்றி சொல்வார். பாத்திரச் சத்தமும் ஆட்களின் கூச்சலும் நிறைந்த சமையலறையிலும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் நேரத்திலும் அவர் மனம் ஒரே நிலையில் இருந்ததாம்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்க அவரை பர்கண்டி பகுதிக்கு அனுப்பினார்கள். கொடுக்கல் வாங்கலில் அவருக்குத் திறமை கிடையாது. கால் ஊனத்தால், படகில் அடுக்கியிருந்த பீப்பாய்களின்மேல் உருண்டுதான் அங்குமிங்கும் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று இறைவனிடம் சொல்லிவிட்டுப் போனார். காரியம் நல்லபடியாக முடிந்தது என்று பின்னர் எளிமையாகக் குறிப்பிட்டார்.

பத்தாண்டு வறட்சி

இதுவரை படித்தால், பிறவியிலேயே அமைதியான மனிதர் போலும் என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை. மடத்தில் முதல் பத்தாண்டுகள் அவர் மனம் வெந்துகொண்டிருந்தது. தம் பாவங்கள் கண்முன் நின்றன. தாம் இறைவனுக்கு உரியவர்தானா என்ற அச்சம் வாட்டியது. தியானத்துக்கு ஒதுக்கிய நேரம், அலையும் எண்ணங்களை விரட்டுவதிலும் மீண்டும் அவற்றில் விழுவதிலும் கழிந்தது.

கடைசியில், இந்த வேதனை சாகும்வரை இருந்தாலும் இருக்கட்டும், நான் இறைவனை நேசிப்பதை விடப்போவதில்லை என்று முடிவு செய்தார். அதன் பிறகுதான் அமைதி வந்தது. பலன் கிடைத்தால்தான் தொடர்வேன் என்ற கணக்கை விட்டபோது அவர் தேடியது கிடைத்தது. அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான்.

நான் கிறிஸ்துவக் குடும்பத்தில் வளர்ந்தவள். இப்போது பல்கலைக்கழக மாணவி. ஜெபிக்கும்போது எதுவும் உணராவிட்டால் எங்கோ தொடர்பு அறுந்துவிட்டது என்று என் வயதில் பலர் நினைக்கிறோம். சிலர் அத்தோடு ஜெபிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பத்தாண்டுகள் எதுவும் கிடைக்காமலே தொடர்ந்த ஒருவரைப் படிக்கும்போது, உணர்ச்சி வேறு, நெருக்கம் வேறு என்பது புரிகிறது.

வார இறுதியில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவும் வேலை செய்கிறேன். அதனாலேயே எனக்குள் ஒரு கேள்வியும் எழுந்தது. அடிமட்ட வேலையில் இருப்பவரிடம், அதிலேயே இறைவனைக் காணுங்கள் என்று சொல்வது அவரை அங்கேயே அடக்கி வைக்கும் தந்திரம் ஆகாதா? ஆனால் லாரன்சுக்கு இதை மேலிருந்து யாரும் போதிக்கவில்லை. பிடிக்காத வேலையைப் பிடித்ததாக அவர் நடிக்கவும் இல்லை. வேலையின் தரத்தை வைத்து மனிதரை எடைபோடும் அளவுகோலைத்தான் அவர் தூக்கி எறிந்தார். செயல் எவ்வளவு பெரியது என்பதைவிட அதிலுள்ள அன்பு எவ்வளவு என்பதே அவருக்கு முக்கியம். அந்த அளவுகோலில் சமையல்காரரும் பேராயரும் ஒன்றுதான்.

தேடி வந்தவர்கள்

அதனால்தானோ என்னவோ, படித்தவர்களே அவரைத் தேடி வந்தார்கள். பின்னாளில் பேராயரான ஃபெனலோன் அவரைச் சந்தித்தார். ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் 1666ஆம் ஆண்டுமுதல் அவரோடு உரையாடிக் குறிப்பெடுத்தார். லாரன்ஸ் 1691ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டே அவருடைய கடிதங்களை போஃபோர் அச்சிட்டார். உரையாடல்கள் 1694இல் வெளிவந்தன. இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி தாம் தொகுத்த கிறிஸ்துவ நூல்வரிசையில் லாரன்சின் எழுத்துகளைச் சேர்த்தார். பெரிய நூல் எதையும் எழுத நினைக்காத சமையல்காரரின் சொற்கள் இப்படித்தான் நம்மை வந்தடைந்தன.

அவர் கடிதங்களில் உள்ள ஒரு யோசனை, கைப்பேசியோடு வாழும் நமக்கு நன்றாகப் பொருந்தும். நாள் முழுவதும் மனத்தை அலைய விட்டுவிட்டு, ஜெபிக்கும் நேரத்தில் மட்டும் அது அடங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்கிறார் அவர். மற்ற நேரங்களிலும் அவ்வப்போது அதைத் திருப்பி அழைக்க வேண்டும். மனம் ஓடிவிட்டதே என்று நம்மையே திட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை. அமைதியாக அதை மீண்டும் இறைவனிடம் கொண்டுவந்தால் போதும்.

இதற்குத் தனி நேரம் வேண்டாம், தனி இடமும் வேண்டாம். நூலகத்தில் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு நொடி, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு நொடி, வீட்டில் அம்மாவுக்குக் காய் நறுக்கித் தரும்போது ஒரு நொடி. லாரன்சும் இப்படிச் சிறிது சிறிதாகத்தான் பழகினார். அது அவருக்கு இயல்பாக வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நமக்கும் பிடிக்கலாம். தொடங்குவதற்கு, அடுத்து செய்யப்போகும் சின்ன வேலை ஒன்று போதும்.