அவசரம் எதுவென அறிந்த ஆளுநர்

ஆட்சியாளர் ஒருவரின் மேசையில் குவியும் கோரிக்கைகள் யாவுமே அவசரமானவையாகத் தோற்றமளிப்பது வழமை. அவற்றுள் எது காத்திருக்கலாம், எது காத்திருக்க முடியாது எனப் பகுத்தறிவதிலேயே அவரது தகைமை வெளிப்படுகின்றது. அமெரிக்க ஜனாதிபதியாக நான்கு தடவைகள் தெரிவான பிராங்ளின் ரூஸ்வெல்ட், அதற்கு முன்னர் நியூயோர்க் மாநில ஆளுநராக விளங்கிய காலம் இதற்குத் தக்க சான்று என நாம் கருதுகின்றோம்.

1882 இல் செல்வந்தக் குடும்பமொன்றில் பிறந்த ரூஸ்வெல்ட், 1910 இல் மாநில செனட் சபைக்குத் தெரிவாகி அரசியலில் பிரவேசித்தார். 1921 இல் போலியோ எனக் கண்டறியப்பட்ட நோய் அவரது கால்களைச் செயலிழக்கச் செய்தது. அத்துடன் அவரது அரசியல் வாழ்வு முடிந்ததெனப் பலரும் எண்ணினர். எனினும் 1928 தேர்தலில் வென்று, 1929 ஜனவரியில் அவர் ஆளுநரானார். சட்டசபையின் இரு அவைகளும் எதிரணியான குடியரசுக் கட்சியின் வசமே இருந்தன.

அவ்வாண்டு ஒக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. அதன் பாரதூரத்தை ஆரம்பத்தில் அவரும் உணர்ந்தாரில்லை. 1930 இல் எழுபது வயதைக் கடந்த வறியோருக்கான உதவிச் சட்டமும், 1931 இல் நீர்மின்சக்தி அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறின. ஆனால், வேலையிழந்தோரின் பராமரிப்பு உள்ளூராட்சி அமைப்புகளிடமும் தரும ஸ்தாபனங்களிடமுமே விடப்பட்டிருந்தது. அவற்றின் கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது.

1931 ஓகஸ்டில் சட்டசபையின் விசேட கூட்டத்தொடர் கூட்டப்பட்டது. நியூயோர்க் நகர நிர்வாகத்தின் ஊழல்களை ஆராய்ந்த குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் வழங்குவதே அதன் முதல் நோக்கம். அத்தகைய கூட்டத்தொடரில் ஆளுநர் பரிந்துரைக்கும் விடயங்கள் மட்டுமே ஆராயப்படலாம் என்பது அம்மாநில அரசமைப்பின் விதி. அந்த அதிகாரத்தை ரூஸ்வெல்ட் பசித்தோருக்காகப் பயன்படுத்தினார். குளிர்காலம் நெருங்குவதை மனங்கொண்டு, ஓகஸ்ட் 28 ஆம் திகதி நிவாரணத் திட்டமொன்றைச் சபையின் முன்வைத்தார்.

இரண்டு கோடி டொலர் ஒதுக்கீடு. அதனைக் கடனாகப் பெறாது, வருமான வரியை அரைப்பங்கு உயர்த்தித் திரட்டுதல். இயன்றவரை வேலை வழங்கிக் கூலி கொடுத்தல், இயலாவிடத்து உணவு, உடை, எரிபொருள், உறைவிடம் வழங்குதல் என்பனவே அதன் சாரம். எதிரணி தனது திருத்தங்களை வலியுறுத்தியபோது, அவ்வாறான சட்டமூலத்தை நிராகரித்து மீண்டும் சபையைக் கூட்டப்போவதாக அவர் எச்சரித்தார். ஈற்றில் இணக்கம் காணப்பட்டு, செப்டெம்பரில் சட்டம் நிறைவேறியது. வேலையற்றோருக்கென இவ்வாறு நிவாரண அமைப்பை உருவாக்கிய முதல் மாநிலம் நியூயோர்க்கே. அதனை இயக்கிய ஹரி ஹொப்கின்ஸ், பின்னர் மத்திய அரசின் நிவாரணப் பணிகளுக்கும் தலைமை தாங்கினார்.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் பதவியிலிருந்தவாறே காலமானார். பங்குச்சந்தை சரிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னரே நிவாரணச் சட்டம் வந்தது என்பதையும், ஜனாதிபதிப் பதவி மீது அவருக்கு நாட்டம் இருந்தது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும், தமது முன்னைய கணிப்புப் பிழைத்ததைக் கண்டதும் முன்னுரிமையை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை. நிகழ்ச்சிநிரலை வகுக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடம் உண்டு; ஆனால் பசியும் குளிரும் அந்த நிகழ்ச்சிநிரலுக்காகக் காத்திருப்பதில்லை. அதிகார பீடங்களில் அமர்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.