ஒரு டொலரோடு வந்த வாத்தியார்



மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு செயலாளர் அண்ணை மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இரவு வேலைக்குப் போய்த் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிறவன். எனக்குக் கட்டுரை எழுதத் தெரியாது. ஆனாலும் கன நாளாக மனதுக்குள் கிடக்கிற ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

2012ஆம் ஆண்டு மாசி மாதம், கனடாவுக்குள் வருவதற்கு முன்னம் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பவலோ நகரத்தில் ஒரு அகதிகள் விடுதியில் சில கிழமை இருந்தனான். அந்தக் கட்டிடம் ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பங்குப் பாடசாலை. நாங்கள் படுத்த அறையில் கரும்பலகை அப்படியே இருந்தது. கோட் கொழுவுகிற கொளுக்கிகள் என் இடுப்பளவு உயரத்தில்தான். தண்ணீர் குடிக்க முழங்காலை மடித்துக் குனிய வேணும். எல்லாம் சின்னப் பிள்ளைகளின் அளவு.

அங்கே குளிர் உடுப்புகள் கொண்டுவந்து தருகிற வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவ படித்ததும் அந்த நகரத்தில் இப்படி ஒரு பாடசாலையில்தானாம். அது மூடிப் பல வருடமாம். ஆனால் பழைய மாணவர்களின் செய்தி மடல் மட்டும் நிற்கவில்லை. ஆருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, ஆர் மோசம் போனது, எந்த வகுப்பார் எங்கே ஒன்றுகூடுகினம் எண்டெல்லாம் அதில் கிடந்தது. வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட ஊர்ப் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களை நினைத்துக்கொண்டேன். அவதான் எனக்கு ஜோன் நியூமனைப் பற்றி முதலில் சொன்னவ. பிறகு நானும் தேடி வாசித்தேன்.

நியூமன் 1811 பங்குனி 28இல் இன்றைய செக் நாட்டில், பொஹீமியாவின் பிரகாதித்சே என்ற சிறு பட்டணத்தில் பிறந்தவர். தகப்பன் காலுறை பின்னுகிற தொழிலாளி. மகன் குருவாகப் படித்து முடித்த நேரம் அங்கே குருமார் தேவைக்கு மேலே இருந்தினம். ஆயரும் நோயில் விழ, குருப்பட்டம் தள்ளிப்போனது. படிப்பு இருக்கு, இடம் இல்லை. எங்களுக்குத் தெரியாத கதையா இது? 1836இல் கப்பலேறினார். நாற்பது நாள் கடலில் கிடந்து நியூயோர்க்கில் இறங்கும்போது போட்டிருந்த உடுப்பும் ஒரு டொலரும்தான் மிச்சம்.

அங்கே ஆயராக இருந்த துய்புவாவும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உயிர் தப்பி ஓடி வந்த அகதி. அவர் அந்த மாதமே நியூமனுக்குக் குருப்பட்டம் கொடுத்து பவலோவுக்குப் பக்கத்துக் காட்டுக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்தவர்கள் காடு வெட்டிக் கமம் செய்த ஜேர்மன் குடியேறிகள். நியூமன் போய்ச் சேர்ந்த கோயிலுக்குக் கூரையே இல்லை. ஆள் கட்டை. மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றிலும் பனியிலும் மைல் கணக்காக நடப்பார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வாத்தியார் இல்லாத நேரம், இன்னொருவர் வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தானே வகுப்பில் போய் நின்றார். 1839இல் தம்பி வென்சல் வந்து சேர, படிப்பிக்கிற வேலையை அவர் ஏற்றார். 1840இல் நியூமனுக்கு உடம்பு முறிந்துபோனது. தனியாக வாழ்ந்தது காணும் எண்டு ரிடெம்ப்டரிஸ்ட் துறவற சபையில் சேர்ந்தார். 1848இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தார்.

இந்த இடத்தில் பிலடெல்பியா நகரத்தைப் பற்றிச் சொல்ல வேணும். அங்கத்தைய அரசாங்கப் பாடசாலைகளில் புரட்டஸ்தாந்து வேதாகமம்தான் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கட வேதாகமத்தை வாசிக்க விடுங்கோ எண்டு அந்த நகரத்து ஆயர் கேட்டார். அதைச் சாட்டாக வைத்து, வந்தேறிகள் எங்கட நாட்டைப் பிடிக்கப் பார்க்கினம் எண்டு கதை கட்டினார்கள். 1844 வைகாசியில் கலவரம் வெடித்தது. ஐரிஷ்காரரின் வீடுகளும் இரண்டு கோயில்களும் எரிந்தன. புனித அகுஸ்தீனார் கோயிலோடு சேர்ந்திருந்த நூல்நிலையமும் ஆயிரக்கணக்கான புத்தகங்களோடு சாம்பலானது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்து நூல்நிலையம் எரிந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்.

அந்த நகரத்துக்குத்தான் 1852இல் நியூமன் ஆயராகப் போனார். போன அடுத்த மாதமே பங்குகளைக் கூட்டிப் பாடசாலைகளுக்கு ஒரு பொதுச்சபை அமைத்தார். விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த பங்குப் பாடசாலைகள் எட்டு வருடத்துக்குள் நூறளவுக்கு வந்துவிட்டன. காசு பணக்காரரிடமிருந்து வந்ததில்லை. ஆலைத் தொழிலாளரும் வீட்டு வேலைக்காரிகளும் சேர்த்துக் கொடுத்த சில்லறைதான் பெரும்பாலும். கன்னியர் வந்து படிப்பித்தார்கள். ஜேர்மன் பிள்ளைகள் ஜேர்மன் மொழியிலும் படித்தார்கள். இத்தாலியருக்கென்று ஒரு தனிப் பங்கை ஏற்படுத்தினார். ஐரிஷ் சனங்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க அவர்களின் மொழியையும் படித்தார். அவருடைய உச்சரிப்பையும் எளிய கோலத்தையும் பார்த்து நகரத்துப் பெரிய ஆட்கள் சிலர் முகம் சுளித்தது உண்டு. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

1860 தை 5ஆம் திகதி அலுவலாக வெளியே போனவர் தெருவிலேயே விழுந்தார். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் உயிர் போனது. வயது 48. 1977இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1884இல் அமெரிக்க ஆயர்கள் கூடி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பாடசாலை வேணும் எண்டு தீர்மானித்தார்கள். 1960களின் நடுவில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஐம்பது இலட்சம் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு கன்னியர் குறைய, சனங்கள் நகரத்தை விட்டு வெளியே போக, சம்பளமும் பராமரிப்பும் கட்டுபடியாகாமல் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. நான் படுத்த அறையும் அப்படி மிஞ்சின ஒன்றுதான். அந்த அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கு. செய்தி மடலுக்கு ஆட்கள் இருக்கினம், படிக்கப் பிள்ளைகள்தான் இல்லை எண்டு சிரித்துக்கொண்டே சொன்னா. கண் மட்டும் சிரிக்கவில்லை.

உறவுகளே, நான் சைவக்காரன். ஒரு புனிதரைப் புகழ வேண்டுமென்று இதை எழுதவில்லை. எங்கட பழைய மாணவர் இரவு விருந்துக்கு மண்டபம் நிறைகிறது, நல்ல விசயம். ஆனால் எங்கள் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் படிப்பித்த ரீச்சர் போன இலையுதிர் காலத்தில் வேறு நகரத்துக்குப் போய்விட்டா. பதினொரு பிள்ளைகள் அந்தரித்து நிற்கினம். என்னை இரண்டு தரம் கேட்டார்கள். நான் ஏ-லெவல்தானே, இரவு வேலை வேற எண்டு சாட்டுச் சொல்லிக் கழன்றுவிட்டேன். கூரையில்லாத கோயிலடிக்கு வந்த அந்தக் கட்டை மனிதரைப் பற்றி எழுத எழுத, அந்தச் சாட்டு எனக்கே வெட்கமாகக் கிடக்கு.

புத்தாண்டு கழிந்து வருகிற முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கத்தின் நிலக்கீழ் அறையில் நான் நிற்பேன். அரிவரிப் பிள்ளைகளைப் பார்க்க இன்னும் ஒராள் வேணும். பட்டம் ஒன்றும் தேவையில்லை. அ எழுதத் தெரிந்தால் காணும். வாருங்கோ.