மன்றம் ஏறிய மருத்துவர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30 ஆம் நாள் முத்துலெட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை முத்துலெட்சுமி ஏட்டில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. ஆண்களோடு ஒரு பெண் அமர்ந்து கற்பதா என எழுந்த எதிர்ப்பை மன்னரின் ஆணை விலக்கியதால், அவர் மன்னர் கல்லூரியில் இடம் பெற்றார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவரானார்.

அவர் உறுப்பினராக நுழைந்த சட்டமன்றத்தை இன்றைய பேரவையோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 98 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர். எஞ்சியோர் அரசால் நியமிக்கப்பட்டோரும் பதவிவழி வந்தோரும் ஆவர். மக்கள் என்ற சொல்லும் அன்று குறுகிய பொருளையே தந்தது. சொத்தும் வரியும் உடையோரே வாக்காளர். 1921 இல் அம்மன்றமே தீர்மானம் நிறைவேற்றிப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. எனினும் வாக்களிக்கலாம், உறுப்பினராக அமரலாகாது என்னும் நிலை 1926 வரை நீடித்தது. தடை நீங்கிய பின் நடந்த தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாய் மிகச் சில வாக்குகளில் தோற்றார். பெண் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என இந்திய மாதர் சங்கம் வலியுறுத்தியது. மருத்துவப் பணி தடைப்படுமே எனத் தயங்கிய முத்துலெட்சுமி, பின்னர் இசைந்தார். 1927 சனவரியில் மன்றம் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

நியமன உறுப்பினருக்குத் தொகுதி இல்லை. அடுத்த தேர்தலில் அவரிடம் கணக்குக் கேட்பாரும் இல்லை. மக்களாட்சி நோக்கில் இது குறையே. அக்குறையை முத்துலெட்சுமி உழைப்பால் ஈடுசெய்ய முயன்றார். 1927 நவம்பரில், கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். சிறுமியரை இழிதொழிலுக்கு விற்பது தண்டனைச் சட்டத்தில் முன்பே குற்றம்தான். ஆயினும் பொட்டுக்கட்டுதல் சமயச் சடங்கு என்ற போர்வையில் அச்சட்டத்தின் கைக்கு எட்டாமல் நின்றது. தீர்மானம் ஏற்கப்பட்டது, ஆனால் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. எனவே அவர் சட்டத்திருத்தத்தின் பக்கம் திரும்பினார்.

இங்கே அவருடைய நுண்ணறிவு புலப்படுகிறது. தேவதாசியர் பலர் கோயில் பணிக்கு ஈடாக மானிய நிலம் பெற்றிருந்தனர். பணியைக் கைவிட்டால் நிலமும் போய்விடும். உண்ண வழியின்றி எவர் மரபை விட்டு வெளியேறுவார்? இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 1929 இல் நிறைவேறிய திருத்தம், கோயில் பணி செய்யும் கட்டாயத்திலிருந்து அந்நிலங்களை விடுவித்தது. நிலம் அவர்களிடமே இருக்கும். விரும்பாதவர் பணியிலிருந்து நீங்கலாம். முழக்கம் எதுவும் இல்லாத இச்சிறு திருத்தமே அவர் மன்றத்தில் ஆற்றிய பணிகளுள் தலையாயது எனலாம்.

எனினும் அவர் யாருக்காகப் பேசினாரோ, அவர்களுள் ஒரு சாரார் அவர் பேசுவதை விரும்பவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் சங்கம் கூட்டி அரசுக்கு மனு அளித்தனர். தாங்கள் இசையையும் நடனத்தையும் காத்து வரும் கலைஞர்கள், சொத்துரிமை உடைய மகளிர், தங்களைப் பரத்தையரோடு சேர்த்து எண்ணுவது அநீதி என்பது அவர்களின் வாதம். அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று பொட்டறுப்புக்கு ஆதரவு திரட்டினார். ஒரே மரபினுள் இத்தகைய மாறுபட்ட கருத்துகள் இருந்தன. ஆனால் அவற்றை மன்றத்தில் எழுந்து கூறும் இருக்கை அப்பெண்களுள் எவருக்கும் இல்லை. மனு எழுதுதல் ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்த வழி. முத்துலெட்சுமியின் நோக்கம் நேரியது என்பதில் ஐயமில்லை. நாகரத்தினம்மாளின் மனக்குறையையும் புறந்தள்ள இயலாது.

பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை 1930 இல் அவர் முன்மொழிந்தார். அவ்வாண்டு மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலெட்சுமி பதவியைத் துறந்தார். அரசு தந்த இருக்கையில் அமர்ந்து அவ்வரசின் அடக்குமுறைக்குச் சாட்சியாக இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. மசோதாவை முன்னின்று நடத்துவோர் இன்றி அது நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது.

ஆதரவற்ற பெண்களுக்காக அவர் அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் நெஞ்சில் ஆறாதிருக்க, 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கும் வரை உழைத்தார். 1956 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 சூலை 22 இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற மசோதாவின் நோக்கம் 1947 இல் சென்னைத் தேவதாசிகள் அர்ப்பணிப்புத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது. அப்போது அவர் அம்மன்றத்தை விட்டு விலகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.