மானியமும் மனச்சாட்சியும்: சங். ஜெரோம் டிசூசா சுவாமி



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மனுவும் கையுமாய்க் காத்து நின்ற நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாசலில் ஜாதிக்காகவோ மதத்துக்காகவோ எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்கிறது நம் தேசத்தின் அரசியல் சட்டம். அதை வகுத்த சபையில் ஒரு சேசு சபைக் குருவானவரும் வீற்றிருந்தார். நம் திருச்சிக்கு அவர் அந்நியர் அல்லர்.

சங். ஜெரோம் டிசூசா சுவாமி 1897-ஆம் ஆண்டு மங்களூரில் பிறந்தார். குருப்பட்டம் பெற்றபின் நம் அர்ச். சூசையப்பர் கல்லூரியில் தலைமைப் பொறுப்பு வகித்தார். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. நம் பிள்ளைகளோடு பிற மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பதை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். பிறகு சென்னை லயோலா கல்லூரியின் தலைவரானார். 1946-இல் அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினரானார்.

அங்கே எழுந்த கேள்வி எளிதானதன்று. தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் தரும் முறை 1854-இலேயே வகுக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு அது தொடருமா? சிறுபான்மையோரின் உரிமைகளுக்காகச் சபையில் வாதாடியவர்களுள் சுவாமியும் ஒருவர். 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த சட்டத்தில் இரு வாக்குறுதிகளைக் காண்கிறோம். சிறுபான்மையோர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்தலாம். அந்தக் காரணத்துக்காக மானியத்தை மறுக்கலாகாது என்கிறது 30-ஆம் ஷரத்து. மானியம் பெறும் பள்ளியில் மதம், இனம், ஜாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது 29-ஆம் ஷரத்து. முன்னது நமது உரிமை. பின்னது நமது கடமை.

இந்தத் திறந்த வாசலின் பலனைப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் ராமேஸ்வரத்து முஸ்லிம் வாலிபர் ஒருவரும், ஸ்ரீரங்கத்து வைஷ்ணவ வாலிபர் ஒருவரும் சூசையப்பர் கல்லூரியில் படித்தார்கள். முன்னவர் பின்னாளில் ஜனாதிபதியான அப்துல் கலாம். பின்னவர் எழுத்தாளர் சுஜாதா.

ஆயினும் வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? 1951-இல் சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவு இதே 29-ஆம் ஷரத்தின்படி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பின்தங்கிய மக்களுக்குத் தனிச் சலுகை தருவதற்கு இடமளிக்க, அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. வாசல் வரை நடந்து வர வலுவில்லாத பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவதும் நீதியே என்பதைத் தேசம் கற்றுக்கொண்டது.

அதே 1951-இல் சுவாமி புனாவில் சமூக நீதிக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். ஐக்கிய நாடுகள் சபையில் பலமுறை இந்தியாவின் பிரதிநிதியாய் அமர்ந்தார். ரோமாபுரியில் தம் சபைத் தலைவருக்கு உதவியாளராய்ப் பல்லாண்டு உழைத்தார். 1977-இல் சர்வேசுரனடி சேர்ந்தார்.

வாசகர்களே, நம் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குச் சர்க்கார் தரும் சம்பளம் யாருடைய பணம்? வயலில் நிற்கும் விவசாயியும் சந்தையில் கூடை சுமக்கும் தாயும் செலுத்தும் வரிப்பணமல்லவா? கத்தோலிக்கரான நம்மிடையிலும் ஜாதி பார்க்கும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை என்பதைத் தாழ்ச்சியோடு ஒப்புக்கொள்வோம். உங்களில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள், அடுத்த ஜூனில் சேரியிலிருந்து வரும் சிறுமியின் மனுவை மேசையின் அடியில் தள்ளாதிருங்கள். உங்களில் பெற்றோராயிருப்பவர்கள், உங்கள் பிள்ளைக்கு இடம் கேட்கும்போது, வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளையையும் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். சிறுவர்களைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவர், அவர்களுடைய ஜாதியை விசாரிக்கவில்லை.